சீல் வைத்த கவர்

செல்போன் அலறியது!

கட்கி ஆபீசில் தனியாக உட்கார்ந்திருந்த கோவிந்தராஜன் பாய்ந்து எடுத்தான். சாக்கன் ஃபேக்டரியில் டெண்டர் கவர்களைப் பிரிக்கும் நேரம்.

"தோத்துட்டோம்யா!" முதலாளி விஸ்வேஸ்வரன் கத்தினார். "மறுபடியும் ஆயிரம் ரூபாயில!"

மூன்றாவது டெண்டர்!

"பதினெட்டு லட்சத்துக்கு விக்க வேண்டிய நம்ம கம்ப்யூட்டர் சர்வரை, பதினாலு முப்பத்தொண்ணுக்கு இறக்கியிருக்கே. அந்தப் போட்டிக் கம்பெனி முகுந்த் நாலு அசெம்பிள் மெஷினை அடுக்கி வெச்சுட்டு, சரியா பதினாலு முப்பதுன்னு போட்டிருக்கான்! கவருக்குள்ள புகுந்து பாத்தானா?"

"சார்... வந்து..."

"வந்துட்டேதான் இருக்கேன். ரேட்டை வித்தது யாருன்னு நீ சொல்லணும். சொல்லலைன்னா உன் வேலை காலி!"

லைன் கட்.

கோவிந்தராஜன் கணக்குப் போட்டுப் பார்த்தான். கண்ணி வைத்திருந்தானே! டைப் அடிக்கும் ஸ்நேஹாவிடம் பதினாலு அறுபது என்றான். இன்ஜினியர் தருணிடம் பதினைந்து இருபது என்றான். நிஜ ரேட்டைத் தானே டைப் அடித்து, தானே ஒட்டி, தானே பெட்டியில் போட்டான்.

வேறு யாரிடமும் சொல்லவில்லை.

யாரிடமும்...?



நான்கு வருஷமாகக் குடும்பத்தை விட்டு, வடக்கே சாங்வியில் ஒற்றை அறை. பேச்சுத் துணைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரே ஒரு குரல். ஒவ்வொரு கவரை ஒட்டும் முன்பும் மனைவி மங்கையர்க்கரசிக்கு போன் செய்வான். அவள் ரேட்டில் உள்ள எண்களைக் கூட்டிப் பார்த்து, ராசியான ஒன்பது வருகிறது என்று சொன்னால்தான் பசை தடவுவான். பாவம், புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து செய்யும் காரியம் அது ஒன்றுதான்!

அவள் எண்ணை அழுத்தினான்.

"மங்கை... முகுந்துக்கு போன் பண்ணினியா?"



"பண்ணுனேனுங்க... மூணு தடவையும்."

"அடிப்பாவி! எவ்வளவு குடுத்தான்?"

"அஞ்சு பைசா வாங்கலீங்க! ஒவ்வொரு டெண்டர் ஜெயிக்கறப்பவும் இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம்னீங்க. அப்பா எங்கடீன்னு கேட்டா, நம்ம பாப்பா மீனு செல்லைக் காட்டறாளுங்க. வேலை போனாத்தானுங்க நீங்க வருவீங்க!"

திட்ட வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது. இத்தனை வருஷம் யாருக்காக இங்கே தனியாகக் கிடந்தோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

கதவு படாரென்று திறந்தது!

விஸ்வேஸ்வரன். பின்னால் வெளிறிய முகத்தோடு, அவரோடு சாக்கனுக்குப் போயிருந்த ஸ்நேஹாவும் தருணும்.

"சொல்லுய்யா! இவளா? இவனா?"

"ரெண்டு பேரும் இல்ல சார். ரேட் வெளிய போனது என்னாலதான்."

"நீயா...! துரோகி! எவ்வளவுய்யா வாங்கினே?"

"இன்னும் வாங்கல சார்." கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டினான் கோவிந்தராஜன். "ஸ்டேஷன்ல போய்த்தான் வாங்கணும்... கோயம்புத்தூருக்கு ஒரு டிக்கெட்!"