முற்றத்தில் நாற்பது நிழல்கள்

இரண்டு மணி நேரம் மழை கொட்டித் தீர்த்தும், பள்ளிக்கூட முற்றத்தில் கிடந்த நிழல்களில் ஒன்றுகூடக் கரையவில்லை.

ஆகஸ்ட் ஆறு, ஹிரோஷிமா நாள். கிழக்கேகோட்டையை ஒட்டிய அந்தச் சின்னப் பள்ளியில் வழக்கமாகக் காகிதக் கொக்கு மடிப்பார்கள். இந்த வருஷம் திவ்யலட்சுமி டீச்சர் வேறொன்று செய்தாள். குண்டு விழுந்த ஊரில் மனிதர்கள் எரிந்து மறைந்து அவர்களுடைய நிழல் மட்டும் கல்லில் நின்றதைக் குழந்தைகள் அறியட்டும் என்று, நாற்பது பேரைச் சிமெண்டுத் தரையில் படுக்கவைத்து, சுற்றி வரைந்து, உள்ளே கரி பூசினாள். காற்றில் பறக்காமலிருக்க, கரமனை அக்ரஹாரத்தில் மாக்கோலம் போட்ட கைப்பழக்கத்தில், கரியை அரிசிமாவோடு கரைத்து இழைத்திருந்தாள். ஒரு குழந்தைக்கு அந்த வலி புரிந்தால் என்றாவது ஒரு குண்டு குறையும் என்று மனதார நம்பினாள். நாற்பதில் ஒருத்தி அவள் மகள் அஸ்வதி, இரண்டாம் வகுப்பு.

"டீச்சரே, எட்டு பக்கெட் வெள்ளம் ஊத்தியாச்சு, கரி போகுன்னில்லை," என்றாள் ஆயா ஓமனா. "ஒரு சம்சயம். நம்ம முற்றத்துல கரி பூசினா அங்க குண்டு குறையுமோ?"

"குறையும் சேச்சி. மெதுவாக் குறையும்."

"அப்போ மெதுவாத் தேய்ங்கோ. எனக்கு பஸ் உண்டு."

அவள் போனதும் திவ்யலட்சுமி துடைப்பத்தோடு குனிந்தாள். தூரத்துப் பேருந்துகளின் ஹாரனும், ஓட்டிலிருந்து சொட்டும் நீரும், நனைந்த காக்கைகளின் கரைச்சலும் ஒவ்வொன்றாக அடங்கிவர, ஈர மண்ணின் மணத்துக்கு அடியிலிருந்து தலைமுடி கருகும் வாடை மெல்லக் கிளம்பிற்று.

காலையில் குழந்தைகள் கையை விரித்துச் சிரித்தபடி படுத்திருந்தார்கள். இப்போது நாற்பது நிழல்களும் முகத்தைப் பொத்தியிருந்தன.

"அச்சு, நீ எப்படிப் படுத்திண்டிருந்தே?"

"கையை விரிச்சுண்டுதான். மறந்துட்டியாம்மா?" தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்திருந்த அஸ்வதியின் குரல் வந்தது. பிறகு, "அம்மா, எனக்குச் சுடறது."

ஓடினாள். மகளை வாரி எடுத்தாள். உடம்பு கொதித்தது. அணைத்தும் குறையவில்லை.

முற்றத்தில் அஸ்வதியின் நிழல் முழங்காலை மடக்கிச் சுருண்டுகொண்டிருந்தது.

மகளைப் படியில் விட்டு அதனருகே ஓடி, குனிந்து மறைத்தாள்.

"இப்போ கொஞ்சம் தேவலை அம்மா."

திவ்யலட்சுமி அதன்மேல் அப்படியே கவிழ்ந்து படுத்தாள்.

"இப்போ சுடவே இல்லை."

பகவானே, போதும்.

அப்போது மதிலுக்கு அந்தப்புறத்து வீட்டிலிருந்து ஓர் அலறல்.

"அம்மா, வினீத் அழறான்."

காலையில் அஸ்வதிக்குப் பக்கத்தில் படுத்தவன். அவன் நிழல் ஒட்டித்தான் கிடந்தது. திவ்யலட்சுமி மகளின் நிழலை மூடியிருந்த ஒரு கையை எடுத்து அதன்மேல் நீட்டினாள்.

படியில் அஸ்வதி வீறிட்டாள்.

கையை இழுத்துக்கொண்டாள்.

அடுத்த தெருவில் ஓர் அழுகை. அதற்கடுத்த தெருவில் இன்னொன்று. இன்னொன்று.

கண்ணை இறுக மூடினாள். எழவில்லை.

புடவைத் தலைப்பை எதுவோ இழுத்தது.

பார்த்தாள். கரியாலான ஒரு சின்னக் கை. வினீதின் கை. இறுகப் பற்றியிருந்தது.

திவ்யலட்சுமி அதைப் பிரிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு விரலாக.