ஓகே என்றால் சரி

வகுப்பறைக் கதவுக்கு மேலே பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் ஆசிரியை ஃபிலோமி ஆங்கிலத்தில் வாய் திறப்பாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் அந்த ஓர் அறைக்குள் மட்டும், அந்த விளக்கு எரியும்போது, பேச்சைக் கேட்டுப் பதியும் வாக்குப்பொறி கேட்காது. வெளியே எங்கே ஆங்கிலம் பேசினாலும் பதிவாகும். பதிவானது கையெழுத்துக்குச் சமம். நடுக்கடலில் நிற்கும் கடல்மேடை வேலைக்குப் போகிறவர்கள் மொழிபெயர்ப்பி இல்லாமல் சொந்த வாயால் பொறியிடம் பேசித் தேற வேண்டும் என்பது சட்டம். அதற்காகத்தான் இந்த வகுப்பு.

அன்று விளக்கு எரியுமுன்பே மாணவி வள்ளிமயில் வந்துவிட்டாள். முந்தின நாள் நேர்காணலில் தேறிவிட்டாளாம். இரண்டே வருடம், திரும்பி வரும்போது மகளுக்கு ஏழு வயதுதான் ஆகியிருக்கும் என்று மூச்சு விடாமல் சொன்னாள். பொறி நீளமாகப் பேசியதாம், பாதி புரியவில்லையாம். ஆனாலும் டீச்சர் சொன்னபடி இடையிடையே 'ஓகே' போட்டாளாம்.

ஃபிலோமி ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தாள். ஒன்பது வருடம். நடுவில் விடுப்பு கிடையாது. ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே ஓர் ஓகே பதிவாகியிருந்தது. விஷயத்தைச் சொன்னாள்.

வள்ளிமயில் தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "பொறி தப்பாக் கேட்டிருக்கும், என்ன டீச்சர்?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நம்பிவிடுவாள். முதல் நாள் பாடத்திலேயே, ஓகே என்றால் சரி என்று பலகையில் எழுதியவள் ஃபிலோமிதான். இங்கே 'சரி' என்றால், கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதும்தான். பொறிக்கு அது சம்மதம் மட்டுமே. ஃபிலோமிக்கு அது தெரியும். வாய்மூடிக் கேட்டவர்களுக்குப் பொறி மதிப்பெண்ணைக் குறைத்தது. ஓகே போட்டவர்கள் தேறினார்கள். அவர்கள் தேறத் தேற அவளுடைய ஆசிரியர் உரிமம் நிலைத்தது. அவர்கள் பிழைப்புக்காகத்தானே என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். ஒரு நாளும் அது முழுதாக மனதில் ஒட்டியதில்லை.

"பொறி சரியாத்தான் கேட்டிருக்கு. நாந்தான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். தெரிஞ்சே."

பதிவான மூன்று நாளுக்குள் ஆசிரியரே பொறியின் முன் தன் பிழையை ஒப்புக்கொண்டால் ஒப்பந்தம் ரத்தாகும், தன் உரிமமும் போகும், இப்போதே போகலாம் என்றாள்.

"அப்போ நான் என்னதான் சொல்லிருக்கணும்?"

"ஒண்ணும் சொல்லாமக் கேட்டிருக்கணும்."

"அம்புட்டு நேரம் ஒருத்தர் பேசுதாக. மரம் மாதிரி நின்னா மனசு சங்கடப்படாதா?"

ஃபிலோமி வகுப்பறைக் கதவைச் சாத்தினாள். இருவரும் பொறி இருக்கும் அலுவலகத்துக்கு நடந்தார்கள். வாசலில் வள்ளிமயில் அவள் கையைப் பிடித்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"எங்க மதினி பவளக்கொடிக்கும் நீங்கதான பாடம் எடுத்தீக. ரெண்டு வருசத்துல வாரேன்னு போனா, இது நாலாவது வருசம். அவளுக்கும் சேத்துச் சொல்லிருங்க டீச்சர். வந்துருவா."