எறும்பு திட்டலாமா?

"மக்கு! மக்கு!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. கத்தியது டீச்சர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. கணினிக்குள் இருந்த எறும்பு.

அந்தக் கணினி முன் உட்கார்ந்திருந்த சிறுமி குருவி சட்டென்று இரண்டு கைகளாலும் திரையை மறைத்தாள். திரையை மறைக்கலாம், சத்தத்தை எதைக் கொண்டு மறைப்பது?

'எறும்பு' என்பது ஒரு கணினி மொழி. 'நட.' என்று தட்டினால் திரையில் இருக்கும் எறும்பு நடக்கும். 'திரும்பு.' என்றால் திரும்பும். போகிற வழியெல்லாம் கோடு போட்டுக்கொண்டே போகும். அந்தக் கோடுகளைக் கொண்டு வீடு, கப்பல், பூனை எதை வேண்டுமானாலும் வரையலாம். ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மறந்தால் போச்சு! எறும்பு மல்லாந்து விழும். கால்களை உதறும். "மக்கு! மக்கு!" என்று ஊரைக் கூட்டும்.

பெற்றோர்கள் வந்து பார்க்கும் பள்ளியின் திறந்த நாளுக்காகக் குருவி ஒரு கலங்கரை விளக்கம் வரைந்துகொண்டிருந்தாள். வளைந்து வளைந்து ஏறும் படிகள், படிக்கொரு ஜன்னல். மற்றவர்கள் ஒரு சதுரத்தைப் போட்டுவிட்டு 'வீடு' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் பக்கம் பக்கமாகக் கட்டளை எழுதினாள். அதிகம் எழுதுகிறவர்களுக்குத்தானே அதிகம் புள்ளி மறக்கும்?

"மக்கு எறும்பு வந்தாச்சு, வழி விடுங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். அவனுக்குப் பட்டப்பெயர் 'மைக்'. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பு முடிந்ததும் குருவி தன் தோழியிடம் மெதுவாகச் சொன்னாள். "அடுத்த வாரத்துலேருந்து இந்த நேரத்துல நான் நூலகத்துக்குப் போறேன். டீச்சர்கிட்ட சொல்லப்போறேன்."

"கலங்கரை விளக்கம்?"

"பாதிதானே ஆகியிருக்கு. அழிச்சுடலாம்."

"அழிக்கறதா! ஏன்?"

"எனக்குப் பிடிக்கலை." குருவி பையை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

தோழிக்கு முகம் காது வரை சிவந்துவிட்டது. அவளை எல்லோரும் 'பட்டாசு' என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று அவள் வெடிக்காமல் வீடு வரை வந்ததே பெரிய விஷயம்.

"அம்மா! உன் எறும்புக்கு வாய் ரொம்ப நீளம்!"

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள். "செருப்பை வெளியில விட்டுட்டு வந்து சண்டை போடு."

பட்டாசு போய்ச் செருப்பை விட்டுவிட்டு வந்து சண்டை போட்டாள்.

அம்மா பகலில் ஒரு மருத்துவமனைக்குக் கணினி நிரல் எழுதுகிறவள். மிச்ச நேரத்தில் எறும்பின் காவலர்களில் ஒருத்தி. எறும்பை யாரும் விற்பதில்லை. எங்கெங்கோ இருக்கும் பலர் சேர்ந்து, சம்பளம் வாங்காமல், அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். இதை மாற்றலாமே என்று யாரும் சொல்லலாம். எறும்பின் நிரலை வைத்து, அவர்கள் இணையத்தில் கூடிப் பேசும் இடத்துக்குப் பெயர் 'புற்று'.

"அந்த வார்த்தையை இப்பவே அழி!"

"அழிக்க முடியும். ஆனா அழிக்க மாட்டேன்."

"ஏன்?"

"என் பொண்ணு கேட்டாள்னு நான் பாட்டுக்கு மாத்தினா, நாளைக்கு இன்னொருத்தர் தன் பையன் கேட்டான்னு மாத்துவார். அப்புறம் அது எல்லாரோட எறும்பா இருக்காது. நம்ம வீட்டு எறும்பாயிடும். நீ புற்றுல போய்ச் சொல்லு. எல்லாரும் பேசுவாங்க. காவலர்கள்ல ரெண்டு பேர் 'சரி'ன்னா மாறும்."

"அந்த ரெண்டுல நீ ஒண்ணு."

"ஊஹூம். உன் விஷயத்துல நான் சரி சொல்லக் கூடாது."

"இது அநியாயம்! நீ பக்கத்து வீட்டு அம்மாவா இருந்திருந்தா எனக்கு ஒரு ஓட்டு கிடைச்சிருக்கும்!"

"கிடைச்சிருக்கும்" என்று அம்மா ஒத்துக்கொண்டாள்.

பட்டாசு அப்பாவின் கணினியைத் திறந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு புற்றில் தட்டினாள். 'எறும்பு எல்லார் முன்னாடியும் மக்கு என்று கத்துகிறது. வேற மாதிரி சொல்ல வேண்டும்.'

பதில் சீக்கிரமே வந்தது. எழுதியவர் பெயர் 'முதல் எறும்பு'. இந்த மொழியை முதன்முதலில் உருவாக்கியவர், காவலர்களிலும் ஒருவர். படத்தில் முகத்தைவிடத் தாடிதான் அதிகம்.

'அது சும்மா விளையாட்டு. ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.'

அதற்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை. 'மூடப்பட்டது.' கோரிக்கை தள்ளுபடி என்று அர்த்தம்.

"மூடிட்டாரும்மா! மூஞ்சியில கதவைச் சாத்தற மாதிரி சாத்திட்டாரு! குறை சொன்னதில்லையாம்! நான் என்ன, பாட்டா பாடினேன்?"

அடுத்த நொடி அவள் விரல்கள் அவளைக் கேட்காமலே தட்டின. 'நீங்கதான் மக்கு! தாடி வச்ச மக்கு!'

அனுப்பியதும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட நீடிக்கவில்லை. அவள் எழுதியது காணாமல் போய், அங்கே வேறொன்று இருந்தது. 'இந்தப் பதிவு நீக்கப்பட்டது. புற்றின் விதி: தப்பைச் சுட்டலாம், ஆளைத் திட்டக் கூடாது.'

"யாரு இதை அழிச்சது?"

"நான்தான்" என்றாள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா.

"நீயா!"

"யார் எழுதியிருந்தாலும் அழிச்சிருப்பேன். எங்க எல்லாருக்குமா சேர்த்து அந்த விதியை எழுதினதே நான்தான்."

பட்டாசு அறைக்குப் போய்க் கதவைப் படாரென்று சாத்தினாள். சத்தம் போதவில்லை என்று திறந்து மறுபடியும் சாத்தினாள். கட்டிலில் விழுந்து கூரையைப் பார்த்துப் பொருமினாள்.

"ஆளைத் திட்டக் கூடாதாம்! நான் ஒரு வார்த்தை சொன்னா உடனே விதி. அந்த எறும்பு நாள் பூரா திட்டுது, அதைக் கேட்க நாதி இல்ல. அதுக்கு மட்டும் விதி..."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். அப்புறம் ஓடினாள்.

"அம்மா! அந்த விதி யாருக்கு?"

"புற்றுக்குள்ள இருக்கற எல்லாருக்கும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். முதல் எறும்புக்கும்கூட."

"அப்போ எறும்பு எங்க இருக்கு?"

"எந்த எறும்பு?"

"எறும்பும்மா! மல்லாந்து விழற எறும்பு!"

"அது புற்றுக்..." அம்மாவின் வாய் பாதியில் நின்றது. குவளையைக் கீழே வைத்தாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பை அடக்கியதில் அவள் மூக்கு விடைத்தது. "போய் எழுது. ஆளை விட்டுடு. எறும்பைப் பிடி."

எழுத உட்கார்ந்த பிறகுதான் பட்டாசுக்கு ஒன்று உறைத்தது. 'மக்கு' வேண்டாம், சரி. அப்புறம் என்ன சொல்வதாம்? 'வேற மாதிரி' என்றால் எந்த மாதிரி? அவள் குருவியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"எறும்பைப் பத்திப் பேசறதா இருந்தா நான் வச்சுடறேன்" என்றது குருவியின் குரல்.

"வைக்காதே! ஒண்ணே ஒண்ணு சொல்லு. எறும்பு விழுந்தப்போ அது என்ன சொல்லியிருந்தா உனக்கு நல்லா இருந்திருக்கும்?"

குருவி தொலைபேசியை வைக்கவில்லை.

"எந்த வரியில விழுந்துச்சுன்னு சொன்னாப் போதும். நான் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள எல்லாரும் எழுந்து வந்துடறாங்க. அப்புறம்..."

"அப்புறம்?"

"விழறது அதுதானே? என்னை ஏன் திட்டுது? 'நான் விழுந்துட்டேன்'னு சொல்லலாமே."

பட்டாசு அப்படியே எழுதினாள். எறும்பும் புற்றுக்குள்தான் இருக்கிறது, அதனால் புற்றின் விதி எறும்புக்கும் உண்டு என்று எழுதினாள். திட்டுக்குப் பதிலாக எறும்பு என்ன சொல்லலாம் என்று எழுதினாள். தன் தோழி பாதிக் கலங்கரை விளக்கத்தோடு எழுந்து போனதையும் எழுதினாள். 'தாடி' என்ற சொல் எங்கேயும் வரவில்லை. அதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

முதலில் வேறு ஏதோ ஊரிலிருந்து ஒரு டீச்சர் எழுதினார். 'என் வகுப்பிலும் பிள்ளைகள் கையால் திரையை மூடிக்கொள்கிறார்கள். ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். இப்போதுதான் புரிகிறது.' பிறகு ஒரு காவலர் 'சரி' என்றார். இன்னும் ஒரு 'சரி' வேண்டும்.

முதல் எறும்பிடமிருந்து பேச்சே இல்லை. பட்டாசு சாப்பிடும்போது பார்த்தாள், பல் தேய்க்கும்போது பார்த்தாள். "பேச வாய் இல்லையா அவருக்கு?" என்று அப்பாவிடம் சீறினாள்.

"தாடிக்குள்ள தேடிக்கிட்டு இருப்பாரு" என்றார் பேருந்து ஓட்டிவிட்டுக் களைத்து வந்திருந்த அப்பா.

மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது.

'அந்த வார்த்தையை எழுதியபோது எறும்பை ஓட்டியவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். புள்ளியை மறந்தவனும் நான்தான். என்னை நானே திட்டிக்கொண்டேன். இப்போது யார் யாரெல்லாம் ஓட்டுகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. விதி எறும்புக்கும் உண்டு. மூடியதைத் திறக்கிறேன். சரி. இன்னொன்று, பழைய குரல் என்னுடையது. புதிதாக யாராவது குரல் தருவீர்களா?'

"தன்னைத் தானே திட்டிக்க ஆசையா இருந்தா, கண்ணாடி முன்னாடி நின்னு திட்டிக்க வேண்டியதுதானே!"

"அதைத் தட்டாதே" என்றாள் அம்மா.

"தட்டலை. வாயாலதான் சொல்றேன். வீட்டுக்குள்ள அந்த விதி கிடையாதே."

"இருக்கு. எழுதி ஒட்டலை, அவ்வளவுதான்."

குரல் கொடுக்கப் பட்டாசுதான் முதலில் முன்வந்தாள். "நான் விழுந்துட்டேன்!" என்று அவள் பதிவு செய்ததைக் கேட்ட அப்பா, "என்னம்மா, விழுந்ததுக்கு நம்ம மேல வழக்குப் போடப்போகுதா?" என்றார். அதனால் குருவியைக் கூப்பிட்டார்கள். அவள் மாட்டேன் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வந்து, சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வகுப்பில் டீச்சர் எறும்பின் புதுப் பதிப்பைப் போட்டு வைத்திருந்தார். குருவி உள்ளே வரவில்லை. நூலகத்துக்குப் போகும் வழியில் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள்.

மைக் படபடவென்று தட்டினான். எறும்பு மல்லாந்து விழுந்தது. மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"நான் விழுந்துட்டேன். மூணாவது வரியில புள்ளி இருக்கா, பாரு."

"ஐயோ, அடி பட்டுச்சா?" என்று மைக் தன்னை மறந்து கேட்டுவிட்டான். பிறகு காதைத் தீட்டினான். "டேய், இது குருவியோட குரல்டா!"

பட்டாசு விருட்டென்று திரும்பினாள். "ஆமா! அதுக்கு என்ன இப்போ?"

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு." மைக் மூன்றாவது வரிக்குப் போய்ப் புள்ளியை வைத்தான். எறும்பு எழுந்து நடந்தது. வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் எழுந்து வரவில்லை.

குருவி உள்ளே வந்தாள். தன் இடத்தில் உட்கார்ந்து பாதிக் கலங்கரை விளக்கத்தைத் திறந்தாள். தட்டினாள். எறும்பு விழுந்தது, அவள் குரலிலேயே அவளிடம் சொன்னது. அவள் அவசரப்படாமல் புள்ளியை வைத்தாள். அப்புறம் திரைக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் எதையோ உற்றுப் பார்த்தாள்.

"பட்டாசு."

"என்ன?"

"எறும்புக்கு ஆறு கால்தானே?"

"ஆமா."

"இதுக்கு நாலுதான் இருக்கு."

பட்டாசு பார்த்தாள். மைக் ஓடி வந்து பார்த்தான். டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நான்கேதான்!

"இத்தனை வருஷமா ஒருத்தர்கூடப் பார்க்கலையா! இது என்ன அநியாயம்! இரு, நான் இப்பவே போய்..."

"நீ இரு. நான் எழுதறேன்." குருவி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். புற்றைத் திறந்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு, ஒரு புள்ளியைக்கூட மறக்காமல் தட்டினாள்.

'வணக்கம். எறும்பின் இரண்டு கால்களைக் காணவில்லை. யாராவது பார்த்தால் சொல்லவும். இல்லையென்றால் நானே வரைந்து தருகிறேன்.'