நட்சத்திரத்தின் வயர்

கிழக்கேகோட்டையில் வன்னியபெருமாளின் துப்பறியும் அலுவலகத்துக்கு ராகேல் வந்தபோது, 1998 ஜனவரி பாதி கழிந்திருந்தது. உட்கார்ந்ததுமே அழுதுவிட்டாள்.

"எங்கம்மைய கொன்னது அந்த வயர்மேன் தாசையன்தான் சாரே. அவன் வச்ச பிளக்குல இருந்துதான் தீ பிடிச்சுது. போலீஸ் அவனைப் பிடிச்சு வச்சிருக்கு. ஆனா தெளிவு, சாட்சி ஒண்ணும் இல்லாம கேஸ் நிக்காதாம். நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும்."

உதவியாளன் பினுவுக்கு ரத்தம் கொதித்தது. அந்த தாசையனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட வேண்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே, வன்னியபெருமாளோடு கரமனையில் இருந்த ராகேலின் வீட்டுக்குப் பஸ் ஏறினான்.

அம்மா ரத்னாபாய் படுத்திருந்த அறை கரிக்கட்டையாய்க் கிடந்தது. முட்டுவலியால் அவளுக்குக் குளியலறை வரை நடக்க முடியாது. அதனால் கட்டிலருகிலேயே வாளியில் ஹீட்டரைப் போட்டு ராகேல் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். வராந்தா பிளக்கிலிருந்து வாளி வரை ஒரு வயர் இழுத்திருந்தாள். மிச்சத்தைச் சுருட்டி மெத்தைக்கு அடியில் தள்ளியிருந்தாள்.

"பிளக்ல லூஸ் கனெக்‌ஷன் சார்! சந்தேகமே இல்ல!" என்று பினு குதித்தான்.

வன்னியபெருமாள் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. "லூசா இருந்தா இந்த இடம்தானே முதல்ல கரியும்? இங்க வயர் நெடுகவும்லா உருகியிருக்கு."

அவர் ராகேலிடம் திரும்பினார். "வாளியில வெள்ளம் சீக்கிரம் சூடாவுமா?"

"குளிமுறியில வச்சா சட்டுன்னு சூடாவும். இங்க வச்ச பெறவு நேரமாவுதுன்னு அம்ம சொல்லிட்டே இருந்தா."

அவர் வராந்தாவுக்குப் போனார். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் தொங்கிய ஆணி வெறுமையாக இருந்தது. காகித நட்சத்திரம் அலமாரிக்கு மேல் மடித்துக் கிடந்தது. பல்பு இருந்தது, வயர் இல்லை.

"ஸ்டாருக்க வயரைத்தான் இழுத்தியா மக்களே?"

ராகேல் தலையாட்டினாள். "வயர்னா எல்லாம் ஒண்ணுதானே சாரே?"

பினுவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. இவர் இதற்கு மேல் பேசாமல் இருக்கக் கூடாதா என்று நினைத்தான்.

"ஒண்ணு இல்ல," என்றார் வன்னியபெருமாள் மெதுவாக. "சாலைக் கடைத்தெருவுல ஒடுங்கின சந்து இருக்குல்லா? எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு நெருக்கடி. சந்து நீண்டா இன்னும் நெருக்கடி. கம்பியும் அப்படித்தான். மெலிஞ்சா கரண்டுக்குத் தடை கூடும், நீண்டாலும் கூடும். ஒரு சின்ன பல்புக்கு அது போதும். ஹீட்டர் இழுக்கிற கரண்டுக்குத் தாங்காது. வெள்ளத்துக்குப் போக வேண்டிய சூட்டுல ஒரு பங்கை வயரே எடுத்துக்கிச்சு. அதான் வெள்ளம் சூடாவ நேரமாச்சு, மெத்தை பத்திச்சு. அதே கரண்டு, பிளக்கு வரைக்கும் தாசையன் வச்ச தடிச்ச வயர்லயும்தான் ஓடிச்சு. அதுக்கு ஒண்ணும் ஆவல்ல."

ராகேல் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தாசையன்மீது தனக்கு இருந்த கோபத்தை நினைத்து பினுவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணைக்கும் அம்ம சொன்னா, சூடாவல்ல மக்களேன்னு," என்றாள். "கொஞ்ச நேரம் கூடி கிடக்கட்டும்மான்னு சொல்லிட்டுத்தான் நான் பால் வாங்கப் போனேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"தாசையனை விடச் சொல்லணும். கூட வாங்க சாரே, எனக்குத் தனியாப் போவ முடியாது."

பினு அவளுக்கு முன்னால் இறங்கி, கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.