பதினான்கு சதவீதம்

குலசேகரம் தாண்டி ரப்பர் தோட்டங்களுக்குள் மூன்று கிலோமீட்டர் போனால் வருகிற அந்த வீட்டுக்கு, நானும் என் மனைவியின் தம்பி ஷிஜினும் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. ஜூன் மாத மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வேனிலிருந்து சாமான்களை இறக்குவதற்குள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டோம்.

பேய்க்கதை என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். என் பெயர் டெல்வின். சவூதியில் எட்டு வருஷம், கருங்கல்லில் கடை போட்டு ஆறு வருஷம், மோட்டார் ஷட்டர் மாட்டியே பிழைத்தவன். கம்பியையும் கரண்டையும் தவிர வேறெதையும் நான் நம்பியதில்லை.

வேலை லேசானதுதான். வீட்டுக்காரன் ஆன்ஸ்லின் குவைத்தில் இருக்கிறான். ஜன்னல்களுக்குப் பத்து, முன்வாசலுக்கு அகலமாக ஒன்று என்று அந்த வீட்டில் பதினொரு ஷட்டர்கள். அதுவரை சுவரில் இருக்கும் பட்டனை அமுக்கித்தான் ஏற்றி இறக்க வேண்டும். இனி எல்லாவற்றையும் ஒரே கண்ட்ரோலரில் சேர்த்து, அவன் குவைத்தில் இருந்தபடியே போனில் இயக்குகிற மாதிரி செய்து தர வேண்டும். அவனுடைய அப்பா நேசையன் போன வருஷம் இறந்ததிலிருந்து வீடு பூட்டிக் கிடந்தது.

வாசல் ஷட்டரை ஏற்றியதும் ஒரு வாடை வந்து முகத்தில் அடித்தது. புளித்த ரப்பர் பாலும் ஆசிட்டும் கலந்த வாடை. நேசையன் பக்கத்தில் வந்து நின்றால் அடிக்கிற அதே வாடை.

“அத்தான், இந்த ஷட்டருக்க அடியிலதானே அந்தப் பெரியவர் கிடந்தாரு?” என்று கேட்டான் ஷிஜின்.

“வேலையப் பாருலே.”

நான் எரிந்து விழுந்ததற்குக் காரணம் இருந்தது. அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்த ஷட்டர்களை மாட்டியவனே நான்தான். வாசல் ஷட்டரின் கீழே இரண்டு பக்கமும் சென்சார் உண்டு. குறுக்கே ஆள் இருந்தால் ஷட்டர் இறங்காமல் மேலே திரும்பிவிடும். ரப்பர் இலை உதிரும் மாதத்தில், காற்றடிக்கும்போதெல்லாம் இலை குறுக்கே விழுந்து ஷட்டர் பாதி வந்து வந்து திரும்பியது. ஆன்ஸ்லின் தினமும் கூப்பிட்டு என் உயிரை வாங்கினான். நான் போய், சென்சாரின் ஒயர்கள் இரண்டையும் விரல் நீளச் செம்புக் கம்பியால் சேர்த்து முறுக்கி, மேலே பச்சை டேப் சுற்றிவிட்டு வந்தேன். அதற்கு ஜம்பர் என்று பெயர். ஜம்பர் போட்டுவிட்டால் சென்சாருக்குக் கண் கிடையாது. குறுக்கே எது இருந்தாலும் ஷட்டர் இறங்கும். இலை உதிர்ந்து முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நேசையனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆறு மணிக்குச் சபை மணி அடித்ததும் வாசல் ஷட்டரை இறக்கிவிட்டு ஜெபத்துக்கு உட்காருவது அந்த வீட்டு முறை. வேலைக்கு நின்ற பூங்கனி உள்ளேயிருந்து பட்டனை அமுக்குவாள். ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையிலிருந்து நேசையன் மெதுவாக வருவார், இறங்குகிற ஷட்டருக்கு அடியில் குனிவார், அது தானே மேலே போகும். ஜம்பர் போட்டபின் முதல் இரண்டு நாள் அவர் மணிக்கு முன்பே உள்ளே வந்துவிட்டார். மூன்றாம் நாள் அது மேலே போகவில்லை. ஷட்டர் அவரைக் கீழே தள்ளி நெஞ்சில் ஏறி நின்ற நேரம் கரண்டும் போய்விட்டது. “கொஞ்சம் தூக்கு மக்கா, கொஞ்சம் தூக்கு” என்று அரை மணி நேரம் கிசுகிசுத்துக்கொண்டே கிடந்தாராம்.

ஷட்டரைத் தூக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். போலீஸ் வருவதற்குள் ஜம்பரைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். போகிற வழியில் கோதையாற்றில் வீசினேன். சென்சார் சோதனையில் நன்றாக வேலை செய்தது. அப்படியானால் எப்படி இறங்கியது என்று கேட்டார்கள். பட்டனை விடாமல் அமுக்கிப் பிடித்தால் சென்சாரையும் மீறி இறங்கும் என்று சொன்னவனும் நான்தான். பூங்கனி இன்றைக்கும் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருக்கிறாள்.

இனி அன்று நடந்தது.

புதிதாகச் சேர்த்த ஒவ்வொரு ஷட்டரையும் ஒரு தடவை முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கிக் காட்ட வேண்டும். கண்ட்ரோலர் அப்போதுதான் அளவைப் படித்துக்கொள்ளும். திறந்தால் போன் ஆப்பில் நூறு சதவீதம், அடைத்தால் பூஜ்யம். பத்து ஜன்னல்களும் பிசகாமல் படித்தன. வெளிச்சத்துக்காக அவற்றை மறுபடி ஏற்றி வைத்தோம்.

வாசல் ஷட்டர் பதினான்கில் நின்றது.

“தரையில முட்டியாச்சு அத்தான். இஞ்ச பாருங்க, விரல்கூட நுழையாது” என்றான் ஷிஜின். நான் ஆப்பை மூடித் திறந்தேன். மறுபடியும் ஏற்றி இறக்கினோம். பதினான்கு. மூன்றாவது தடவையும் பதினான்கு. ஷட்டருக்கு அடியில் ஒரு ஆளின் நெஞ்சுத் தடிமனுக்கு ஏதோ இருப்பதாக அந்த மெஷின் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஷிஜின் தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். சட்டென்று முகத்தைப் பின்னால் இழுத்தான்.

“அடியிலேருந்து மூச்சு வருது.”

“காத்துலே அது.”

“சூடா இருக்கு அத்தான்.”

மழை நின்றிருந்தது. வெளியே ஒரு அசைவும் இல்லை. அந்த அமைதியில் முதல் ஜன்னல் ஷட்டர் தானாக இறங்கத் தொடங்கியது. பிறகு இரண்டாவது. பிறகு எல்லாமும். என் போன் மேஜைமேல் கிடந்தது, யாரும் தொடவில்லை. பத்து ஷட்டர்களும் ஒவ்வொன்றாக ஜன்னல் சட்டத்தில் முட்டுகிற சத்தம் கேட்டது. பட்டப்பகலில் அந்த வீடு குகையாகிவிட்டது.

வாடை இப்போது தொண்டையில் இறங்கியது.

“எனக்கு இது சரியாப் படல. போயிருவோம்” என்று ஷிஜின் பட்டனைத் தட்டினான். வாசல் ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது. அதற்குமேல் போகவில்லை. அவன் யோசிக்கவில்லை, மல்லாந்து படுத்துக் காலை முன்னால் நீட்டி அடியில் நழுவினான். நெஞ்சுவரை வெளியே போய்விட்டான்.

ஷட்டர் இறங்கியது.

அலறலுக்கு முன்னால் எலும்பு முறிகிற சத்தம்தான் கேட்டது. நான் பாய்ந்து இரண்டு கையாலும் ஷட்டரைப் பிடித்துத் தூக்கினேன். விளிம்பு என் உள்ளங்கையைக் கிழித்தது. ஷட்டர் அசையவில்லை. ஷிஜினின் முகம் என் கால்மாட்டில் கிடந்தது. வாயோரத்தில் ரத்தம் நுரைத்தது.

சென்சார் ஏன் தடுக்கவில்லை? காலையில்தான் சோதித்திருந்தேன். முட்டிபோட்டு மூடியைத் திறந்தேன்.

உள்ளே பச்சை டேப்.

என் கையால் முறுக்கிய அதே முறுக்கு. ஆற்றில் எறிந்த அதே கம்பி, சேறு ஒட்டியபடி இருந்தது. பிய்த்து எறிந்தேன். திரும்பிப் பார்த்தால் மறுபடியும் அங்கேயே இருந்தது. மறுபடி பிய்த்தேன். மறுபடியும் இருந்தது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். கரண்டே இல்லாமல் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

அப்போது ஷிஜினின் வாய் அசைந்தது. குரல் அவனுடையது இல்லை.

“கொஞ்சம் தூக்கு மக்கா.”

மேஜைமேல் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு ஷிஜின் பக்கத்தில் வந்தேன். ஆன்ஸ்லின்.

“அண்ணே, ஆப்புல எல்லாம் அடைஞ்சு கிடக்கு. வாசல் மட்டும் பதினாலுண்ணு காட்டுது. என்ன சங்கதி?”

“கரண்டு கம்மி தம்பி” என்றேன். வாயில் அதுதான் வந்தது.

ஷட்டர் ஒரு விரற்கடை இறங்கியது. ஷிஜின் கால்கள் வெளியே தரையை உதைக்கிற சத்தம் கேட்டது. ஆப்பில் பதினொன்று.

“கம்பெனி மோட்டார்தான் கோளாறு” என்றேன்.

ஒன்பது.

ஷிஜினின் கண்கள் என்னையே பார்த்தன. இப்போது அவனுடைய சொந்தக் குரல் வந்தது. “அத்தான்... என்னவோ சொல்லச் சொல்லுது. சொல்லிருங்க அத்தான். எனக்கப் பிள்ளையள நினைச்சு சொல்லிருங்க.” அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் ஜின்சியை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டது நான்தான்.

நான் உடைந்துபோனேன். “தம்பி, உங்கப்பாவக் கொன்னது நான். நான்தான் ஜம்பர் போட்டேன். பூங்கனி ஒரு தப்பும் செய்யல. அவ மேல பழிபோட்டது நான்” என்று கத்திச் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

மோட்டார் உறுமல் நின்றது. ஷட்டர் மெதுவாக மேலே ஏறியது. பத்து. இருபது. முப்பது. ஷிஜின் மூச்சை இழுத்தான். அவனை இழுக்க அவன் தோளில் கை வைத்தேன்.

போன் மறுபடி அடித்தது. அவனைப் பார்க்காமல் போனை ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

“அண்ணே, லைன் கட்டாயிட்டு. மோட்டார் கோளாறுண்ணது மட்டும்தான் கேட்டுது. அதுக்குப் பொறவு என்னமோ சொன்னிய, என்ன அது?”

யாரும் கேட்கவில்லை. நான் சொன்னதை ஷிஜினைத் தவிர யாருமே கேட்கவில்லை. கோர்ட்டு இல்லை, போலீஸ் இல்லை, கடை தப்பித்தது. ஷட்டர் மேலே நின்றது, ஷிஜின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் ஒரு நொடியில் என் மண்டைக்குள் ஓடியது.

“ஒண்ணுமில்ல தம்பி” என்றேன்.

ஷிஜின் என்னைப் பார்த்தான். கோபத்தோடு பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஷட்டர் இறங்கவில்லை, விழுந்தது. பெட்டியிலிருந்து பிய்ந்துகொண்டு மொத்த பாரமும் ஒரே அடியாக விழுந்தது. என் முகத்திலும் நெஞ்சிலும் அவனுடைய ரத்தம் சூடாக அடித்தது. என் கை அப்போதும் அவன் தோளில்தான் இருந்தது. அந்தத் தோளுக்குக் கீழே எதுவும் என் பக்கம் இல்லை.

ஆப்பில் பூஜ்யம் காட்டியது.

பத்து ஜன்னல்களும் தாமாகத் திறந்துகொண்டன. வெயில் உள்ளே வந்தது. போலீஸ் வந்து சென்சாரைத் திறந்தபோது பச்சை டேப்பும் இல்லை, கம்பியும் இல்லை. என்ன நடந்தது என்று கேட்டார்கள். அவசரத்தில் அவன் பார்க்காமல் அடியில் நுழைந்துவிட்டான் என்றேன். ஆமாம், அப்போதும் அப்படித்தான் சொன்னேன். என்னைத் திட்டத் தோன்றினால் திட்டுங்கள். நானே என்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் கடை ஷட்டர் கையால் இழுக்கிற பழைய ஷட்டர். மோட்டார் கிடையாது, சென்சார் கிடையாது, ஆப் கிடையாது. அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் கடை திறந்தேன். அன்று சாயங்காலம் இழுத்து மூடும்போது தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. கிரீஸ் போட்டேன். ஏறி மிதித்தேன். ஷட்டர் ஓடுகிற தண்டவாளத்தைக் கழற்றி மாட்டினேன். இன்றுவரை அந்த ஒரு சாண் அடையவே இல்லை. ஒரு நாள் டார்ச் அடித்துப் பார்க்கக் குனிந்தேன். கன்னத்தில் சூடாக மூச்சு பட்டது.

“அத்தான், சொல்லிருங்க” என்றது.

நேற்று மழை சாரல் அடிக்கிறதே என்று ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தேன். மத்தியானம் என் மனைவி பிரிஜா சோற்றுத் தூக்கோடு வந்தாள். தம்பி போனதிலிருந்து பாதியாக இளைத்துவிட்டாள். உள்ளே வரக் குனிந்தவள், அப்படியே ஷட்டருக்கு அடியில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அங்க என்னதான் நடந்தது? எனக்கிட்ட மறைக்காம சொல்லுங்க.”

“உள்ள வா முதல்ல.”

“சொல்லுங்க. அப்பதான் வருவேன்.”

ஒன்றுமில்லை என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் முதுகுக்கு மேலே, யார் கையும் படாத ஷட்டர் ஒரு விரற்கடை இறங்கியது. கடைக்குள் புளித்த ரப்பர் பால் வாடை வந்தது.