கேட்டோ கஃபியின் கல்

"எங்க பூட்டனோட கல்லைக் காணோம். நானே திருடிட்டேன்னு சொல்றாங்க."

ஒடெஸா கஃபி வணக்கம்கூடச் சொல்லவில்லை. தோட்டத்து வாசலில் மூச்சிரைக்க நின்றபடி இதைத்தான் முதலில் சொன்னாள். தக்காளி நாற்று நட்டுக்கொண்டிருந்த ஹெஸ்டர் பிங்கம் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். மாநிலப் போலீசில் துப்பறியும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு தீப்பிடித்தாலும் முதலில் அடுப்பை அணைத்தோமா என்று யோசிக்கிற நிதானம்.

"உட்காரும்மா. டெல்மர், அவளுக்குக் காபி ஊத்து."

டெல்மர் ஸ்டிக்னி ஏற்கெனவே ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் வாரப் பத்திரிகைக்கு ஆசிரியர், நிருபர், விளம்பரம் பிடிப்பவர் எல்லாம் அவரேதான். ஹெஸ்டர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் வாலைப் பிடித்துக்கொண்டே திரிகிறார்.

எங்கள் வெஸ்ட் ஹார்லோவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இங்கே உயிரோடிருப்பவனைவிடச் செத்தவனுக்குத்தான் மவுசு. இங்கிலாந்து அரசனை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிய பூட்டன் ஒருவன் இருந்தால்தான் ஊர் மூதாதையர் சங்கத்தில் சேர முடியும். அது 1976, அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டு. சங்கத்துக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. வருடா வருடம் பழைய இடுகாட்டில் விழா நடக்கும். தலைவர் ஒவ்வொரு பூட்டன் பெயராகக் கூப்பிடுவார். அந்த வம்சத்தில் வந்தவர் "இங்கே இருக்கிறேன்" என்று பதில் சொல்வார். பிறகு வேட்டு முழங்கும். பதில் சொல்லும்போது பெரிய மனிதர்கள்கூட அழுதுவிடுவார்கள்.

ஒடெஸா ஊர் நர்ஸ். பாதி ஊருக்கு ஊசி போட்டவள். அவள் பூட்டன் கேட்டோ கஃபி, ஒரு கறுப்பின அடிமை. அவர் போருக்குப் போனார் என்று அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தது. ஊர் நம்பவில்லை. போன இலையுதிர் காலத்தில் இடுகாட்டின் மூலையில், முட்புதருக்குள், பின்பக்கமாகச் சாய்ந்து பாதி மண்ணில் புதைந்த கற்பலகை ஒன்று கிடைத்தது. 'கேட்டோ கஃபி, சுதந்திரப் படைச் சிப்பாய்' என்று அதில் வெட்டியிருந்தது. நாளைய விழாவில் முதல்முறையாக அந்தப் பெயர் கூப்பிடப்பட இருந்தது.

"காலையில போய்ப் பார்த்தா கல்லு இல்ல" என்றாள் ஒடெஸா. "கல்லே போலியாம். நாளைக்குப் பாஸ்டன்லேர்ந்து நிபுணர் வந்து பார்த்தா குட்டு உடைஞ்சிரும்னு நானே தூக்கிட்டேனாம். சாயங்காலம் கமிட்டி கூடுது. எங்க பூட்டன் பேரை அடிச்சிடப் போறாங்க."

"யார் சொல்றது?"

"மில்ட்ரெட் குவிம்பி. நேத்து மத்தியானம் நான் போர்வையில சுத்தி எதையோ கார்ல வெச்சதைப் பார்த்தாளாம். பூந்தொட்டி அது! விழாவுக்கு எங்க வெச்சா நல்லாருக்கும்னு பார்க்கப் போனேன். காத்துல வாடிடுமேன்னு திரும்பக் கொண்டுவந்துட்டேன்." அவள் காபிக் கோப்பையைத் தள்ளிவைத்தாள். "கல்லு போனாக்கூடத் தாங்கிக்குவேன், மிஸ் பிங்கம். எங்க பூட்டனைப் பொய்க்காரன்னு சொல்லிடுவாங்களே."

டெல்மர் சட்டைப்பையிலிருந்து எடுத்தவுடன் கேமராவே கையில் தந்துவிடும் போலராய்டு படம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "தலைவர் எல்லரி தார்ன்டைக் கொடுத்தார். 'கல்லுதான் போச்சு, படத்தையாவது பத்திரிகையில போடுப்பா'ன்னார். நேத்து காலையில எல்லாரும் இடுகாட்டைச் சுத்தம் பண்ணோமே, அப்ப எடுத்ததாம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இடுப்பு வலின்னு வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டார் பாவம்."

ஹெஸ்டர் படத்தைத் தூக்கிப் பிடித்தார். சாய்ந்த கல், மேலே இரண்டு வரி, கீழே புதிதாகக் கிளறிய மண். ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது.

"அழகா எடுத்திருக்கார்."

"மனுஷன் கல்லுப் பைத்தியமாச்சே! கீழ் ஓரத்துல மட்டும் ஏதோ கறுப்பா ஒரு திட்டு. அதை வெட்டிட்டுப் போடணும்."

"வெட்டாதே. என்கிட்ட இருக்கட்டும்" என்றார் ஹெஸ்டர்.

இடுகாட்டுக்குப் போனபோது முற்பகல் வெயில் கற்களுக்குப் பின்னாலிருந்து அடித்தது. கல் வரிசைகளின் முகமெல்லாம் நிழலில் கிடந்தது. டெல்மர் குனிந்து கண்ணைச் சுருக்கினார்.

"என்ன எழுத்துய்யா இது! ஒண்ணும் தெரியலையே."

"சாயங்காலம் வாங்க" என்றாள் ஒடெஸா. "எல்லாக் கல்லும் மேற்கு பார்த்துத்தான் நிக்குது. அந்த வெயில்லதான் எழுத்து எழுந்து வரும்."

கேட்டோவின் கல் நின்ற இடத்தில் மண் சீராக மூடி அழுத்தப்பட்டிருந்தது. ஹெஸ்டர் குந்தி உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தார். "குழியை மூடிட்டுப் போற திருடன். நல்லா வளர்த்திருக்காங்க."

டெல்மர் மறுபக்கம் போய்ப் பார்க்கலாம் என்று கால் எடுத்து வைத்தார். வாசலிலிருந்து ஒரு கத்தல் வந்தது.

"ஏய் டெல்மர்! செத்தவன் நெஞ்சு மேலயா நிப்ப? அறிவிருக்கா?"

சங்கத்தின் பொருளாளர் மில்ட்ரெட் குவிம்பிதான். அந்த அம்மாள் வாயைத் திறந்தால் பால் திரிந்துவிடும். டெல்மர் சுட்டதுபோலக் காலை இழுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் கல்லின் எழுத்துப் பக்கம்தான் நிற்போம். உடம்பு கிடப்பது கல்லுக்குப் பின்னால். அங்கே கால் வைக்கக் கூடாது என்று நடக்கப் பழகும்போதே சொல்லி வைப்பார்கள்.

"காலையிலேர்ந்து தேடுறோம். வேலி ஓரம், ஓடை, கொட்டகை எல்லாம் பார்த்தாச்சு" என்ற மில்ட்ரெட் ஒடெஸாவை ஏற இறங்கப் பார்த்தாள். "கார் டிக்கி மட்டும்தான் பாக்கி."

"தாராளமா திறந்து பாருங்க" என்றாள் ஒடெஸா. சாவியை நீட்டினாள்.

"சாவி இருக்கட்டும்" என்றார் ஹெஸ்டர். "மில்ட்ரெட், நேத்து காலையில இந்தக் கல்லை யார் சுத்தம் பண்ணது?"

"எல்லரிதான். யாரையும் தொட விடலையே. மண்டி போட்டு மரக்குச்சியால அடிமண்ணைக் கிளறிக்கிட்டே இருந்தார். தோண்டியெடுத்து இன்னிக்கே நிமிர்த்திடலாமேன்னேன். 'உடைஞ்சிடும், இப்ப வேணாம்'னு எரிஞ்சு விழுந்தார். கல்லு விஷயத்துல அவர் ரொம்பக் கறார். படம் எடுக்காம ஒரு கல்லையும் அசைக்கக் கூடாதுன்னு சங்கத்துக்கு விதி போட்டதே அவர்தான்."

"தள்ளுவண்டி எங்கே?"

"கொட்டகையில. நேத்து காலையிலேயே அச்சு முறிஞ்சு போச்சு."

முந்தாநாள் மழையில் புல்தரை பதமாக இருந்தது. ஒற்றைச் சக்கரத் தடமோ, கனத்தை இழுத்த தடமோ எங்கேயும் இல்லை. ஹெஸ்டர் கல்லறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கம் நின்று புல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கே புல்லின் நுனி லேசாக வாடியிருந்தது.

"மில்ட்ரெட், சாயங்காலம் கமிட்டி இங்கேயே கூடட்டும். வெயில் சாயறதுக்குள்ள எல்லரியையும் கூட்டிட்டு வந்துடு."

"இங்கேயா? எதுக்கு?"

"எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு. எழுத்துப் படிக்க வெளிச்சம் வேணும்."

மாலையில் ஹெஸ்டரைச் சேர்க்காமல் நான்கு பேர் அந்த மூலையில் நின்றார்கள்: ஒடெஸா, டெல்மர், கமிட்டி என்று மில்ட்ரெட்டும் எல்லரியும். எல்லரி தார்ன்டைக் இடுப்பில் கை வைத்தபடி வந்தார். உயரமான, நரைத்த, கண்ணியமான மனிதர். சுதந்திரப் போரில் ஜேபஸ் தார்ன்டைக் என்ற அவருடைய பூட்டன் பாலத்தைக் காத்ததாக ஊர் நடுவில் பெரிய பித்தளைப் பலகையே இருக்கிறது. விழாவில் எப்போதும் முதல் பெயர் அதுதான். பதில் சொல்வதும் எல்லரிதான்.

"சீக்கிரம் முடிங்க, ஹெஸ்டர். நிற்க முடியலை" என்றார்.

"ஒரே ஒரு கேள்விதான். இந்தப் படத்தை எப்ப எடுத்தீங்க?"

"டெல்மர்கிட்ட சொன்னேனே. நேத்து காலையில."

"எல்லாரும் திரும்பிக் கல்லுங்களைப் பாருங்க" என்றார் ஹெஸ்டர்.

திரும்பினார்கள். மேற்கு வெயில் சாய்வாக அடித்தது. காலையில் தடவினாலும் தெரியாத எழுத்துகள் வரிசை வரிசையாக எழுந்து நின்றன. டெல்மர் "அடேயப்பா" என்றார். ஒரு கணம் கழித்து வேறு தொனியில் இன்னொரு "அடேயப்பா" சொன்னார்.

"படத்துலயும் இப்படித்தான் இருக்கு. நேத்து காலையில நீங்க கிளறின மண்ணும் அதுல தெரியுது. காலையில இந்த முகத்துல வெயிலே படாது. ஒடெஸா மத்தியானமே போயிட்டா. அவ போனப்புறமும் கல்லு இங்கே இருந்திருக்கு. அப்ப படுக்கையில கிடந்ததா சொன்ன நீங்க, இங்கே கேமராவோட நின்னிருக்கீங்க."

எல்லரி புன்னகை செய்ய முயன்றார். "கண்ணாடி, ஹெஸ்டர். காலை வேளையில கண்ணாடி வெச்சு வெயிலைத் திருப்பி அடிப்போம். சங்கத்துல எல்லாரும் செய்யறதுதான்."

"ஆமா, செய்வோமே" என்றாள் மில்ட்ரெட். அவள் குரலில் பழைய சூடு இல்லை.

"கண்ணாடி எழுத்துக்கு வெளிச்சம் கொடுக்கும். ஆனா உங்க தலை நிழலை எப்படித் திருப்பும்?" ஹெஸ்டர் படத்தின் கீழ் ஓரத்தைக் காட்டினார். "டெல்மர் வெட்டிப் போடணும்னு சொன்ன கறுப்புத் திட்டு. தொப்பியும் தோளும் தெரியுது. படம் எடுத்தவர் நிழல் கல்லைப் பார்த்து விழுந்திருக்கு. சூரியன் அவர் முதுகுக்குப் பின்னாடி, மேற்கே இருந்திருக்கு."

ஹெஸ்டர் படத்தை மில்ட்ரெட்டிடம் நீட்டினார்.

"யாருமே திருடறதுக்கு முன்னாடி படம் எடுக்க மாட்டாங்க. ஆனா படம் எடுக்காம கல்லை அசைக்கக் கூடாதுன்னு விதி போட்டவருக்குக் கை தானா போயிருக்கு. அப்புறம் அதையே வெச்சு, கல்லு காலையில இருந்துச்சு, மத்தியானம் போச்சுன்னு ஊரை நம்ப வெச்சிருக்கார்."

"அப்ப கல்லு எங்கே?" டெல்மருக்குப் பொறுக்கவில்லை. "இடுப்பு ஒடிஞ்ச மனுஷன் தனியா எங்கே தூக்கிட்டுப் போவார்?"

"எங்கேயும் தூக்கல. வண்டி கிடையாது, தடமும் கிடையாது. உடைக்கவும் மாட்டார், கல்லு மேல உயிரா இருக்கறவர். பின்பக்கமா சாஞ்சிருந்த கல்லு. பின்னாடி புல்லைப் பாளமா வெட்டி எடுத்துட்டு, ஆழமில்லாம ஒரு பள்ளம் பறிச்சு, கல்லை அப்படியே சாய்ச்சுப் படுக்க வெச்சுட்டு, புல்லை மூடியிருக்கார். காலையிலேர்ந்து ஊரே தேடுது. ஒரே இடத்துல மட்டும் யாரும் கால் வைக்கல." ஹெஸ்டர் கல்லறையைக் கண்ணால் காட்டினார். "செத்தவர் நெஞ்சு மேல."

எல்லோரும் அந்தப் புல்லைப் பார்த்தார்கள். யாருக்கும் கால் எழவில்லை. ஒடெஸாதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

"எங்க பூட்டன்தானே. என்னை ஒண்ணும் சொல்ல மாட்டார்."

புல் பாளம் பாய்போலச் சுருண்டு வந்தது. கையாலேயே மண்ணை வாரினாள். விரல் கல்லில் பட்டதும் "இருக்கார்!" என்று அலறினாள். மில்ட்ரெட் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, பாவாடை நனைய மண்டியிட்டுக் கழுவினாள். அந்த அம்மாளிடம் அதை ஊரில் யாருமே எதிர்பார்த்திருக்க மாட்டோம். இரண்டு வரி தெரிந்தது. அதற்குக் கீழே, இதுவரை மண்ணுக்குள் இருந்த இன்னும் இரண்டு வரிகளும் தெரிந்தன. டெல்மர் அவற்றை உரக்கப் படித்தார்.

"'ஜேபஸ் தார்ன்டைக்குக்குப் பதிலாகப் போருக்குப் போனான். திரும்பி வந்து, சுதந்திர மனிதனாக இறந்தான்.'"

அந்தக் காலத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. படைக்குப் பெயர் வந்தவன், ஆசைப்பட்டால் இன்னொருவனைத் தன் இடத்துக்கு அனுப்பலாம். அடிமையை அனுப்பினால் விடுதலை தருவதாகச் சொல்வார்கள். ஆக, ஜேபஸ் பாலத்துக்குப் போகவே இல்லை. பித்தளைப் பலகையில் இருக்க வேண்டிய பெயர் கேட்டோ.

எல்லரி ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். "குச்சியால கிளறினப்ப அந்தப் பேரு தெரிஞ்சுது. எங்கப்பா சாகறப்பகூட ஜேபஸ் கதையைத்தான் சொன்னார். அதை விட்டா எங்ககிட்ட வேற என்ன இருக்கு? உடைச்சிருக்கலாம். கை வரல."

"கை வரலையா?" ஒடெஸா எழுந்தாள். முழங்கை வரை மண். "உங்க வீட்டுக்காக ஒரு தடவை சாகப் போனார். நேத்து அவரை ரெண்டாவது தடவை புதைச்சீங்க. என்னைத் திருடின்னு ஊரே பேசினப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க. உங்க அம்மாவுக்கு ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சது நான், மறந்துபோச்சா?"

அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

"நாளைக்கு இவர் தலைவர் நாற்காலியில உட்காரக் கூடாது" என்று சீறினாள் மில்ட்ரெட். பிறகு ஒடெஸா பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமி, "நான் பேசினது தப்பு" என்றாள். அந்த அம்மாள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை டெல்மர் பத்திரிகையில் போடவில்லை. போட்டிருந்தாலும் ஊர் நம்பியிருக்காது.

"உட்காரட்டும்" என்றாள் ஒடெஸா. "பேரை அவரே கூப்பிடட்டும். கல்லுல இருக்கறதை முழுசா, ஒரு வரி விடாம, ஊர் முன்னாடி படிக்கட்டும். அது போதும் எனக்கு."

மறுநாள் ஊரே இடுகாட்டில் திரண்டது. விழாவை ஹெஸ்டர் சொன்னபடி மாலைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். பாஸ்டன் நிபுணர் கல்லைத் தடவிப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பின்வரிசையில் டெல்மர் ஹெஸ்டரின் காதைக் கடித்தார்.

"ஹெஸ்டர், எல்லரி வருவாரா?"

"வருவார். கல்லை உடைக்காதவர்தானே."

எல்லரி வந்தார். வழக்கம்போல ஜேபஸ் தார்ன்டைக் என்ற பெயரில் தொடங்குவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் நிமிர்த்தி வைத்த கல்லின் முன் போய் நின்று, கேட்டோ கஃபி என்று கூப்பிட்டார். பிறகு நான்கு வரியையும் படித்தார். மூன்றாவது வரியில் குரல் நின்றுவிட்டது. ஒடெஸா அவரைப் பார்த்தபடி காத்திருந்தாள். அவர் விழுங்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்து முடித்தார்.

"இங்கே இருக்கிறேன்" என்றாள் ஒடெஸா.

வேட்டு முழங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பெயராக வந்தது. ஜேபஸின் பெயர் கடைசிவரை வரவில்லை.