பூந்திக்கு ஒரு எக்ஸ்ரே

“சார்... ஹலோ சார்! நாயை வெளியில விடுங்க. இது மனுஷங்களுக்குப் பல் பார்க்கிற இடம்!”

டாக்டர் ஞானஜோதி போட்ட சத்தத்தில், காத்திருந்தவர்கள் வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடியே திரும்பினார்கள். வாசலில் ஒருவன் சொட்டச் சொட்ட நின்றிருந்தான். அவன் மழைக்கோட்டுக்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு பொமரேனியன் எட்டிப் பார்த்தது. கிழக்குத் தாம்பரமே தெரியாத அளவுக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“போர்டு பார்த்துட்டுதான் ஒதுங்கினேன் மேடம். நானும் பல் டாக்டர்தான். பேரு தினகரன்.”

“எந்த காலேஜ்?”

“வேப்பேரி.”

அது கால்நடைக் கல்லூரியாயிற்றே! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“நாய்க்குப் பல்செட் கட்டுவீங்களோ?”

“சிரிங்க, சிரிங்க... ஊரே சிரிக்குது. நாய், பூனைக்குப் பல் மட்டும் பார்க்கிறேன். பம்மல்ல கிளினிக்.” நாயின் தலையைத் துடைத்தான். “இவ பேரு பூந்தி, என் பேஷண்ட். எவ்ளோ வலிச்சாலும் சொல்ல மாட்டா. வாலாட்டிக்கிட்டே சாப்பிடுவா. அதான் மேடம் கொடுமை.”

சொல்லும்போது அவன் கண்கள் கலங்கினவா, மழைத்தண்ணீரா... யாருக்குத் தெரியும்? ஞானஜோதி ஒரு நொடி அதிகமாகவே பார்த்துவிட்டாள். அம்மாடி, என்ன கண்ணடா இது!

அவன் பார்வையோ அவளுடைய எக்ஸ்ரே மெஷின்மேல் இருந்தது.

“அந்த ஃபிலிம் பூந்தி வாய்க்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. என்கிட்ட எக்ஸ்ரே மெஷினே இல்ல. கீழ்க் கடவாய்ப்பல் அடியில சீழ். எலும்பு எவ்ளோ மிச்சம் இருக்குன்னு தெரியாம பிடுங்கினா, சின்ன நாய்க்குத் தாடையே ஒடிஞ்சிடும். ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவுதானே... ஒரே ஒரு படம்?”

“வாங்க,” என்றாள். யோசிக்கவே இல்லை.

அந்த வாரம் முழுக்க போன்தான். ‘இன்னைக்கு ஒரு பூனை கடிச்சிடுச்சு’ என்று மெசேஜ் அனுப்புவான். ‘அப்போ பல்லு ஸ்ட்ராங்கா இருக்கு, ஃபீஸ் வாங்கிட்டு அனுப்புங்க’ என்று பதில் போடுவாள். தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தவளை நர்ஸ்கூட ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டின்போது அப்பாவிடம் நாய்க்குப் படம் எடுக்கப்போவதை உளறிவிட்டாள். வேதாசலம் தட்டை நகர்த்தினார்.

“மனுஷன் வாயைத் திறந்து உட்கார்ற சேர்ல நாயா? வெளியில தெரிஞ்சா எவன் வருவான்? இடம் என்னோடது. போர்டுல இருக்கிறதும் என் பேரு. ஞாபகம் இருக்கட்டும்!”

எதிர்த்துப் பேசியிருக்கலாம். குறைந்தபட்சம் அவனுக்கு போன் செய்து, ‘வராதீங்க’ என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வயசில், ஒரு டாக்டர், ‘அப்பா திட்டுறாரு’ என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. செல்போனை அணைத்துவிட்டாள். அவ்வளவு கௌரவம்!

ஞாயிறு காலை தூறலில் அவன் வந்தான். கூடவே மயக்க ஊசிக்காகப் பட்டினி போட்ட பூந்தியை மார்போடு அணைத்தபடி அதை வளர்க்கும் திரிபுரசுந்தரி அம்மாள். கிளினிக்குக்கு மேலே, வீட்டு மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று ஞானஜோதி பார்த்தாள். ஷட்டரைத் தட்டினான்... காத்திருந்தான்... நிமிர்ந்தான். அவள் சட்டென்று பின்வாங்கினாள். மறுபடி எட்டிப் பார்த்தபோது தெருவில் ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு மெசேஜ் இல்லை. அவளாலும் அனுப்ப முடியவில்லை.

அடுத்த வாரம் திரிபுரசுந்தரி அம்மாளே பல்வலியோடு வந்தார். மடியில் பூந்தி. அதன் வாயைச் சுற்றி பிளாஸ்திரி.

“தாடை ஒடிஞ்சிடுச்சு டாக்டரம்மா. பல்லைப் பிடுங்கும்போது... கஞ்சிதான் நக்கிக் குடிக்கிறா. உங்களுக்கு அன்னைக்கு ஏதோ அவசரமாமே? தினகரன் சார்தான் சொன்னாரு, தப்பா நினைக்காதீங்கம்மான்னு. இப்போ அங்கதான் போறேன், கட்டு பார்க்க.”

ஞானஜோதி கையுறையை மாட்டிக்கொண்டாள். தன்னை விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கிறானே... பாவி!

அம்மாளின் பல்லுக்கு மருந்து வைத்தாள். பிறகு எழுந்து மாடிக்குப் போய் அப்பாவிடம் பேசினாள். அவர் குரல் தெருவரை கேட்டது. இந்த முறை அவள் குரலும் கேட்டது.

“வாங்கம்மா, நானும் வர்றேன்.”

பம்மலில், அவளைப் பார்த்ததும் தினகரன் முகம் இறுகியது. பூந்தியை வாங்கி மேஜையில் விட்டான்.

“அன்னைக்கு... நான் வீட்லதான் இருந்தேன்,” என்றாள்.

“தெரியும். ஜன்னல்ல பார்த்தேன்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“கீழ வருவீங்கன்னு நின்னேன்,” என்றான் தாழ்ந்த குரலில். “வரல. அந்தக் கோவத்துலதான் அன்னைக்கே பிடுங்கினேன். நாலு நாள் மாத்திரை கொடுத்து, வேற இடத்துல படம் எடுத்திருக்கலாம். உங்க மெஷின் இல்லாமலே முடியும்னு காட்டணும்னு எனக்கு வீம்பு. நம்ம ரெண்டு பேர் ரோஷத்துக்கு இது அடி வாங்கிக்கிச்சு.”

திரிபுரசுந்தரி அம்மாள் மெல்ல வெளியே போய்விட்டார்.

ஞானஜோதி பூந்தியின் பக்கத்தில் கையை வைத்தாள். அது முகர்ந்தது. நக்கப் பார்த்தது... பிளாஸ்திரி இடுக்கில் நாக்கின் நுனி மட்டுமே வந்தது. அந்த ஈரம் விரலில் பட்டதும் அவள் உடைந்துபோனாள். மேஜைமேல் தலை வைத்து அழுதாள். பூந்தியின் வால் ஆடிக்கொண்டே இருந்தது.

“எலும்பு சேருதான்னு படம் எடுக்கணும்ல?” கண்ணைத் துடைத்தபடி கேட்டாள். “நம்ம கிளினிக்குக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை வேணாம். பேஷண்ட் இருக்கும்போதே, முன்வாசல் வழியா வாங்க.”

“அப்பா?”

“கத்தினாரு. போர்டுல இருந்து தன் பேரை எடுத்துடுவேன்னாரு. எடுத்துக்கோங்கன்னுட்டேன்.” பூந்தியைப் பார்த்தபடியே சொன்னாள். “சேரைப் பத்தி மட்டும் சொல்லல... உங்களைப் பத்தியும் சொல்லிட்டேன்.”

“என்னைப் பத்தி என்ன?”

“உங்களைப் பிடிச்சிருக்குன்னு... நீங்க மழையில வந்து நின்ன அன்னைக்கே பிடிச்சிடுச்சுன்னு. இதைச் சொல்ற தைரியம் அந்த ஞாயித்துக்கிழமை இருந்திருந்தா, இவ இன்னைக்கு பிஸ்கெட் சாப்பிட்டுக்கிட்டு இருப்பா.”

தினகரன் பூந்தியின் கட்டை ஒருமுறை சரிபார்த்தான். பிறகு பூந்தியைத் தூக்கி, பத்திரமாக அவள் கைகளில் கொடுத்தான்.

“தாடையில கை படாம பிடிங்க, ஜோதி,” என்றான்.